முதலில் எந்த விலங்கு? கோழி, ஆடு, மாடு, கழுதை: ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பம் முதன்முதலாகக் கால்நடை வாங்கப் போகிறது. கையிலிருக்கும் பணத்துக்கு ஒரு கறவை மாடு வரும். அதே பணத்தில் ஐந்தாறு ஆடுகள் வாங்கலாம், முற்றம் நிறையக் கோழிகள் வாங்கலாம். எதை வாங்குவது? மலையில் இருக்கும் பழங்குடிக் குடும்பமானாலும் சரி, சமவெளியில் துண்டு நிலம் வைத்திருக்கும் குடும்பமானாலும் சரி, கேள்வி இதுதான். குழுவாகச் சேர்ந்து ஏழை வீடுகளுக்குக் கால்நடை வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

பெரும்பாலும் எது அதிகம் தரும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எத்தனை லிட்டர் பால், எத்தனை முட்டை, வருஷத்துக்கு எத்தனை குட்டி. இவையெல்லாம் நல்ல மாதத்தின் கணக்கு. மழை பெய்து ஓய்ந்து, வரப்பெல்லாம் புல் முளைத்திருக்கும் மாதத்தில் எந்த விலங்கை வளர்த்தாலும் லாபம் போலத்தான் தெரியும். நான் மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த இடத்தில் ஆண்டின் மோசமான மாதம் எது? அந்த மாதத்தில் இந்த விலங்குக்குத் தீனியும் தண்ணீரும் சுமந்து வரப்போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

மாட்டிலிருந்தே தொடங்குவோம், எல்லோருடைய ஆசையும் அதன் மேல்தான். பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று பொருள். அந்த மதிப்பு சும்மா வந்ததில்லை. பால், உழவு, வண்டி, எரு என்று ஒரே விலங்கு இத்தனையும் தருவது அபூர்வம். ஆனால் 300 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 8, 9 கிலோ உலர் தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், புல்லாகவே போடுவதானால் 35 கிலோவுக்குக் குறையாது. வெயில் காலத்தில் குடிக்க 50, 60 லிட்டர் தண்ணீர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் நாலு குடம். கிணறு வாசலில் இருந்தால் இது ஒரு வேலையே இல்லை. ஊற்று ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் நாலு நடை, மொத்தம் எட்டு கிலோமீட்டர், அதில் பாதித் தூரம் இடுப்பில் 15 கிலோ. வீட்டுக்கென்று ஏற்கெனவே சுமக்கும் தண்ணீர் தனி. இந்த எட்டு கிலோமீட்டரை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதி வைப்பதில்லை. நடப்பது அந்த வீட்டுப் பெண். சில வீடுகளில் அவளுடைய மகள்.

30 கிலோ ஆட்டுக்கு ஒரு கிலோ உலர் தீவனம் போதும், ஒரு குடம் தண்ணீரை மூன்று ஆடுகள் குடிக்கும். சரி, எடைக்கு எடை பார்த்தால் பத்து ஆடும் ஒரு மாடும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தின்கின்றன. அப்படியானால் என்ன வித்தியாசம்? தழை தீர்ந்துபோகும் மாதத்தில் பத்து ஆட்டில் நாலை விற்றுவிட்டு ஆறோடு மழைக்குக் காத்திருக்கலாம். பாதி மாட்டை விற்க முடியாது. விற்றால் முழுசாக விற்க வேண்டும், அதுவும் ஊரில் எல்லோரும் விற்க வரும் மாதத்தில், எலும்பு தெரியும் உடம்போடு. நோயிலும் இதே கதைதான். பத்து ஆட்டில் இரண்டு செத்தால் நஷ்டம். ஒரே மாடு செத்தால் எல்லாமே போயிற்று.

மாட்டில் இன்னொரு சிக்கல் காலம். சினை ஒன்பது மாதத்துக்கும் சற்று மேல். பிறந்த கிடாரிக் கன்று தான் ஒரு கன்று போட, நாட்டு இனங்களில் மூன்றரை, நாலு வருஷம் ஆகும். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அந்தப் பருவம் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம்தான் நிற்கும். அது இரவில் வந்து போனால், அல்லது பொலிகாளை இரண்டு ஊர் தள்ளி இருந்தால், இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை தவறினால் பால் வற்றிய மாட்டுக்கு மாதக் கணக்கில் தீனி மட்டும் போட்டுக்கொண்டிருப்போம். கறவை மாடு வாங்கியவர்கள் நொந்துபோவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான்.

இவ்வளவு சொன்னாலும் மாடுதான் சரி என்று தயங்காமல் சொல்லக்கூடிய வீடுகள் உண்டு. வாசலில் தண்ணீர், வரப்பிலோ கொல்லையிலோ தீவனப்புல், நடக்கும் தூரத்தில் பால் வாங்க ஆள், பருவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவர். இந்த நாலும் இருந்தால் மாட்டை மிஞ்ச எதுவும் இல்லை. சாணத்தையும் மறக்கக் கூடாது. ஒரு மாடு நாளுக்கு பத்துப் பன்னிரண்டு கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு, மூன்று மாடுகள் இருந்தால் சின்னக் குடும்பத்தின் அடுப்பு அதிலேயே ஓடிவிடும், விறகுச் சுமை குறையும், கண்ணில் புகையும் குறையும். ருவாண்டாவில் 2006இல் தொடங்கிய 'கிரிங்கா' திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடு கொடுத்து, அது போடும் முதல் கிடாரிக் கன்றை அடுத்த குடும்பத்துக்குக் கைமாற்றச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. அங்கேயும் மாட்டைக் கொட்டிலில் கட்டித்தான் தீனி போட வேண்டும் என்பதால், புல் வளர்க்க இடம் இருக்கும் வீட்டில்தான் அது கைகொடுக்கும்.

எருமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முரட்டு வைக்கோலையும் செரித்துப் பாலாக்கும், பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழெட்டு. ஆனால் வியர்வைச் சுரப்பிகள் மாட்டை விட மிகக் குறைவு, அதனால் வெயிலில் தவித்துப்போகும். குட்டையோ குளமோ இல்லாத இடத்தில் எருமை வளர்ப்பது அதற்குக் கொடுமை, வீட்டுக்குச் செலவு. பருவத்துக்கு வந்தாலும் கத்தாமல் கொள்ளாமல் ஊமையாக இருந்துவிடும் என்பதும் பழகியவர்களுக்குத் தெரியும்.

இப்போது கோழி. தொடங்க எளிது, இடம் வேண்டாம், பெண்கள் கையிலேயே இருக்கும், காசு அவசரத்துக்கு இரண்டு விற்கலாம். நாட்டுக்கோழி வருஷத்தில் மூன்று நாலு முறை முட்டை வைத்து, தானே அடைகாத்து, 21 நாளில் குஞ்சு பொரித்து, தானே வளர்க்கும். பண்ணைக்கோழி முந்நூறு முட்டை வரை இடும், ஆனால் அடைகாக்கும் குணம் அதனிடம் கிட்டத்தட்ட இல்லை. தீவனம் வாங்க முடியாத வீட்டுக்கு, கிளறித் தின்று, பருந்தைக் கண்டால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் கோழிதான் சரி.

இதில் ஒரே ஒரு பெரிய ஆபத்து, வெள்ளைக்கழிச்சல். வந்தால் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கக் கோழிச் சத்தம் அடங்கிவிடும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில், மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை போன்ற ஒரு சொத்தும், கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவும், பயிற்சியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவாக நல்ல பலன். ஹோண்டுராஸில் மட்டும் சொத்துக் கணக்கு சறுக்கியது. பலர் கோழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், கோழிகள் நோயில் செத்துப்போயின. பணமும் உழைப்பும் குறைவாக இருந்ததால் வந்த தோல்வி கிடையாது இது. கோழியைக் கொடுப்பதற்கு முன்னால் நோய்க்கு வழி செய்யாததன் விலை என்றுதான் நான் பார்க்கிறேன்.

வழி இல்லாமலும் இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்காக ஆஸ்திரேலியாவில் உருவான 'ஐ-2' என்ற தடுப்பு மருந்து, குளிர்பதன வசதி குறைந்த ஊர்களை நினைத்து வெப்பம் தாங்கும்படி செய்யப்பட்டது. மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் கிராமத்துப் பெண்களே அதைப் போடுகிறார்கள். ஊசி கிடையாது, கண்ணில் ஒரு சொட்டு. விடிவதற்கு முன், கோழிகள் கூட்டை விட்டு இறங்காத நேரத்தில் போட வேண்டும். ஒருவர் கோழியைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்து, ஒரு கண் மேலே பார்க்கும்படி தலையைச் சாய்க்கிறார். இன்னொருவர் சொட்டை விடுகிறார். உடனே விட்டுவிடக் கூடாது. கோழி ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும் வரை பொறுக்க வேண்டும், அப்போதுதான் மருந்து உள்ளே போனது என்று அர்த்தம். நாலு மாதத்துக்கு ஒருமுறை, ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கோழிக்கும் ஒரே நாளில். இந்த ஏற்பாடு நடக்கும் ஊர் என்றால் கோழியைத் தைரியமாக முதல் விலங்காக வையுங்கள். நடக்காது என்றால் அந்தப் பணத்தைக் கோழியில் போடாதீர்கள்.

கோழி அளவுக்கே சின்னதாக இன்னொன்று உண்டு. ஆண்டிஸ் மலைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக அடுப்படியிலேயே வளர்த்துவரும் கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி, உண்மையில் எலி, அணில் போன்ற கொறிவிலங்கு. புல்லும் காய்கறித் தோலும் போதும், இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் சினை. கொங்கோவின் கிழக்குப் பகுதியில், ஆயுதக் குழுக்கள் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகும் ஊர்களில், ஒளித்து வைக்க முடியும் என்பதாலேயே இதை வளர்க்கிறார்கள். அங்கே மோசமான மாதம் வானத்தைப் பார்த்து வருவதில்லை.

பன்றியை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். 114 நாள் சினை, ஒரு ஈத்தில் எட்டுப் பத்துக் குட்டி, வளர்ச்சியில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கழிப்பறை இல்லாத ஊரில் அவிழ்த்துவிட்ட பன்றி, நாடாப்புழுவை மனிதரிடமிருந்து வாங்கி மனிதருக்கே திருப்பிக் கொடுக்கும் சுழற்சியில் ஒரு கண்ணி. அந்தப் புழுவின் முட்டை மனித வயிற்றுக்குள் போய், லார்வா மூளையில் தங்கினால் வலிப்பு நோய் வரும். முதலில் கழிப்பறை, பிறகு அடைத்து வளர்க்கும் பன்றி என்ற வரிசை மாறக் கூடாது.

ஆட்டுக்கு வருவோம். பெரும்பாலான வறண்ட, மேட்டு நிலத்து வீடுகளுக்கு என் முதல் கை வெள்ளாட்டின் மேல்தான் போகும். ஐந்து மாதச் சினை, இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து, பல இனங்களில் இரட்டைக் குட்டி சகஜம். புல் காய்ந்த பிறகும் முள்மரத் தழையையும் புதரையும் எட்டிக் கடித்துப் பிழைத்துக்கொள்ளும். செம்மறிக்கு இந்தத் திறமை இல்லை. அது தரைப்புல்லை நம்பும் விலங்கு, பரந்த மேய்ச்சலும் மந்தையோடு நடக்க ஓர் ஆளும் வேண்டும். இரண்டு மூன்று வளர்க்கும் வீட்டுக்கு வெள்ளாடே பொருத்தம். கொஞ்சம் பாலும் தரும், வீட்டுக் குழந்தைகளுக்கு அது போதும்.

ஆட்டை அடித்துப்போடுவது இரண்டு. ஒன்று ஆட்டுக்கொல்லி நோய். ஒரு தடுப்பூசி போட்டால் சுமார் மூன்று வருஷம் காக்கும். மாட்டு வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது போல, இந்த நோயையும் 2030க்குள் ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். இன்னொன்று குடற்புழு. புழுவின் இளம்பருவம் பனியிலும் ஈரத்திலும் நனைந்த குட்டைப் புல்லின் அடியில்தான் இருக்கும். உயரத் தழை கடிக்கும் ஆட்டுக்குப் பயம் குறைவு. அதே ஆட்டைக் கயிற்றில் கட்டி, ஒரே இடத்துப் புல்லை விடியற்காலையில் மேய விட்டால் புழு ஏறிவிடும். பார்க்கத் தெரிந்துகொள்வது எளிது. ஆட்டின் கீழிமையைக் கட்டை விரலால் மெல்லக் கீழே இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் ஆடு நலம். வெளிர் இளஞ்சிவப்பானால் கவனிக்க வேண்டும், வெள்ளையாகிவிட்டால் இரத்தத்தைப் புழு குடித்துக்கொண்டிருக்கிறது, அன்றே மருந்து கொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றைச் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம்.

ஆட்டிலும் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அது ஆட்டைப் பற்றியதே இல்லை. யார் மேய்ப்பது? பெரியவர்கள் கூலிக்குப் போய்விடும் வீட்டில் ஆட்டோடு போவது பிள்ளைதான். நாலு ஆடு வந்ததால் ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுகிறாள் என்றால், எத்தனை குட்டி போட்டாலும் அந்தக் கணக்கு எனக்குத் தேறாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு ஆடு போதும், வேலியோர மரங்களிலிருந்து தழை வெட்டிப் போட்டு, பரண் போட்ட கொட்டிலில் வளர்க்கலாம். பக்கத்து வீட்டுப் பயிரில் வாய் வைத்து வரும் சண்டையும் மிச்சம். மழை அதிகம் பெய்யும் மலைகளுக்கும் இந்தப் பரண்தான் சரி, ஏனென்றால் அங்கே ஆட்டுக்கு மோசமான மாதம் மழை மாதம். நனைந்த தரையில் நின்றால் சளி பிடித்து நெஞ்சில் கட்டிக்கொள்ளும், குளம்பு அழுகும்.

இடத்துக்கு இடம் அந்த மாதம் மாறும் என்பதை மற்ற சமூகங்கள் நம்மை விட நன்றாக அறிந்திருக்கின்றன. வடக்குக் கென்யாவின் சம்புரு மக்கள் தலைமுறை தலைமுறையாக மாட்டுக்காரர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் அவர்களில் பலர் ஒட்டகத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஒட்டகத்துக்கு சினை பதின்மூன்று மாதம், இரண்டு வருஷத்துக்கு ஒரு கன்று. நல்ல மாதத்துக் கணக்கில் மாடு ஜெயிக்கும். ஆனால் 2020 கடைசியில் தொடங்கி ஐந்து மழைப்பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தபோது மாடுகள் விழுந்தன, ஒட்டகம் நின்றது, பாலும் கொடுத்தது. வடக்கு ஐரோப்பாவின் சாமி மக்களுக்கு பயம் வேறு. பனிக்காலத்தின் நடுவே மழை பெய்து, பனிமேல் ஐஸ் படிந்துவிட்டால், அவர்கள் வளர்க்கும் துருவமான் காலால் தோண்டி அடியிலிருக்கும், பாசி போன்ற லைக்கனை எட்ட முடியாது. மங்கோலிய மேய்ப்பர்கள் குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்று ஐந்தையும் கலந்து வளர்ப்பார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கட்டும் என்றுதான். அப்படியும் 2009-10 கொடுங்குளிரில் அந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன.

கடைசியாக, யாருமே பட்டியலில் சேர்க்காத கழுதை. பால் கணக்கில் வராது, இறைச்சிக் கணக்கிலும் வராது, வருஷத்துக்கு மேல் சினை. அதனால் உதவித் திட்டங்களில் அதன் பெயர் அபூர்வமாகத்தான் வரும். நான் முன்னால் சொன்ன நாலு குடத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரு கழுதை ஐம்பது கிலோவைச் சிரமமில்லாமல் சுமக்கும். ஒரு நடையில் மூன்று குடம். விறகும் அப்படியே, சந்தைக்குப் போகும் மூட்டையும் அப்படியே. தன் எடைக்கு மாட்டை விடக் குறைவாகத் தின்னும், காய்ந்த தட்டையே போதும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வருஷத்துக்கு மேல் வாழும். தண்ணீர் தூரத்தில் இருக்கும் வறண்ட ஊரில், ஒரு பெண்ணுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய விலங்கு இது ஒன்றுதான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் எதை வேண்டுமானாலும் செய்யலாம், சும்மா உட்காரவும் செய்யலாம்.

குறைகளும் உண்டு. கழுதையின் உடம்பு மயிர் மழையைத் தாங்காது, கூரை வேண்டும். வலியை வெளியே காட்டாது, முதுகுப்புண் பெரிதாகும் வரை தெரியாமல் போகும், அதனால் சுமையடியில் மெத்தை விரிப்பு கட்டாயம். தோலிலிருந்து எடுக்கும் பசைக்குச் சீன மருந்துச் சந்தையில் கிராக்கி ஏறியதால் ஆப்பிரிக்காவில் கழுதைத் திருட்டும் விலையும் ஏறின. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை அறுப்பதற்கு 15 ஆண்டுத் தடைக்கு ஒப்புதல் கொடுத்தது. கழுதை போன வீட்டில் அந்தச் சுமை திரும்பவும் பெண்ணின் தலைக்குத்தான் வந்தது.

ஆகவே என் தேர்வு இப்படிப் போகும். தண்ணீர் அரைமணி நடைக்கு அப்பால் என்றால், வேறெதற்கும் முன்னால் கழுதை, ஒரு வீட்டால் முடியாவிட்டால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து. தண்ணீர் பக்கத்தில், ஆனால் நிலம் இல்லை என்றால் இரண்டு பெட்டை வெள்ளாடு. தடுப்பு மருந்து ஒழுங்காக வரும் ஊர் என்றால் அதோடு ஏழெட்டுக் கோழி. மாடு மூன்றாம் வருஷத்துக்கான யோசனை. ஆட்டுக் குட்டிகளை விற்ற பணத்தில் அந்த வீடே அதை வாங்கும், அதற்குள் தீவனப்புல்லும் வேர் பிடித்திருக்கும். வாங்கும்போது யார் பெயரில், யார் கையில் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். கோழியும் ஆடும் பெண்ணுடையதாக இருந்து, மாடு வந்ததும் பால் பணம் மட்டும் கணவர் சட்டைப் பைக்குப் போவது ஊர் ஊராக நடக்கிறது.

ஆடு வாங்குவதானால் மழை ஓய்ந்து தழை நிறைந்திருக்கும் நாளில், அதே மாதிரி மண்ணில் வளர்ந்த ஆடாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆடு இருந்தால் புதிதாக வந்ததை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஒற்றை ஆடாக மட்டும் வாங்க வேண்டாம். ஒற்றை ஆடு இரவெல்லாம் கத்தும், தீனியைத் தொடாது, கயிற்றை அறுத்துக்கொண்டு போன வழியே திரும்பிப் போகப் பார்க்கும். ஒரே பட்டியிலிருந்து, ஒன்றோடு ஒன்று பழகிய இரண்டாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். முதல் ராத்திரியே படுத்து அசை போடும்.